உங்கள் மனதை விட்டு இன்றுவரை நீங்காத திரைப்படங்கள் எவை? ஏன்?

பிடித்த படம் எது என்று கேட்டிருந்தால் யோசிக்காமல் ஐம்பது பெயர் சொல்லியிருப்பேன். மனதை விட்டு நீங்காத படம் எது என்று கேட்டதால் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்க வேண்டியதாயிற்று. ஒரு தாளில் பெயர்களை எழுதிக்கொண்டே வந்தேன். ஐந்தாவது பெயரை எழுதும்போதுதான் கவனித்தேன், எல்லாமே அப்பாக்களின் படங்கள். இன்னொன்று தாத்தாவின் படம். திட்டமிட்டு எழுதவில்லை, தானாக அப்படி வந்து விழுந்திருக்கின்றன. பதிலையும் அந்த வழியிலேயே சொல்கிறேன். முடிவுகளையும் சேர்த்துத்தான் சொல்லப்போகிறேன், இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

முதலில் 'பைசைக்கிள் தீவ்ஸ்'. விட்டோரியோ டி சிகா 1948-ல் எடுத்த இத்தாலியப் படம். போர் முடிந்த ரோம் நகரம். நெடுநாள் வேலையில்லாமல் இருந்த அந்தோனியோவுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. சைக்கிள் இருந்தால்தான் வேலை. சைக்கிளோ அடகில் இருக்கிறது. மனைவி கட்டிலில் கிடந்த படுக்கை விரிப்புகளை உருவிக் கொண்டுபோய் அடகு வைத்துச் சைக்கிளை மீட்க வழி செய்கிறாள். அந்த விரிப்பு மூட்டையை எடுத்துக்கொண்டு அடகுக்கடை ஆள் அலமாரியில் ஏறுவார். மேலே, இன்னும் மேலே, எல்லாம் இதே மாதிரி மூட்டைகள். ஊரே விரிப்பில்லாமல் படுத்திருக்கிறது என்பது அந்த ஒரு காட்சியில் தெரிந்துவிடும். யாரும் அதை வசனமாகப் பேச மாட்டார்கள்.

வேலைக்குப் போன முதல் நாளே சைக்கிள் திருடுபோகிறது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அப்பாவும் மகன் புரூனோவும் தேடி அலைகிறார்கள். கிடைக்கவில்லை. கடைசியில் ஓய்ந்துபோய்ச் சாலையோரம் உட்கார்ந்திருக்கும்போது, ஒரு வாசலில் யாருடைய சைக்கிளோ தனியாக நிற்பது அந்தோனியோவின் கண்ணில் படுகிறது. பையனிடம் காசைக் கொடுத்து, டிராம் ஏறிப் போ என்கிறார். பையன் டிராமைத் தவறவிடுகிறான். திரும்பிப் பார்த்தால் ஒரு கூட்டமே தன் அப்பாவைத் துரத்திப் பிடித்து அறைந்துகொண்டிருக்கிறது. அப்பாவின் தொப்பி தெருவில் விழுகிறது. புரூனோ அழுதுகொண்டே அதை எடுத்துத் தூசி தட்டுகிறான்.

அந்தத் தூசி தட்டும் கையை என்னால் மறக்க முடியவில்லை. அடி வாங்கும் அப்பாவை மீட்க அவனால் முடியாது. தொப்பியைச் சுத்தம் செய்ய முடியும். அதைச் செய்கிறான். பையனின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சைக்கிள்காரர் புகார் வேண்டாம் என்று விட்டுவிடுகிறார். இருவரும் கூட்டத்தோடு நடக்கிறார்கள். அப்பாவின் கண் கலங்குகிறது. புரூனோ நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தன் கையை அப்பாவின் கைக்குள் வைக்கிறான். அவ்வளவுதான் படம்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். ஓர் அலுவலகத்தில், மேசைக்குப் பின்னால் இருந்த ஒருவர் என் அப்பாவைக் கண்டபடி பேசினார். ஏதோ ஒரு தாளில் கையெழுத்து இல்லை, அதுதான் விஷயம். அப்பா பதில் பேசாமல் நின்றுகொண்டிருந்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படிப்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நான் பார்க்கவில்லை என்று அவர் நினைக்கட்டும் என்றுதான் அப்படிச் செய்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் இருவரும் பேசவில்லை. இருபது வருடம் கழித்து இந்தப் படத்தின் கடைசிக் காட்சியைப் பார்த்தபோதுதான், அன்றைக்கு நான் என் கையைக் கொடுத்திருக்கலாம் என்று தோன்றியது. ஒன்பது வயதுப் பையனுக்கு அது தெரியாது. புரூனோவுக்குத் தெரிந்திருந்தது.

அந்தோனியோவாக வந்த லாம்பெர்த்தோ மஜோரானி நடிகரே இல்லை. தொழிற்சாலைத் தொழிலாளி. படம் உலகம் முழுக்கப் பேசப்பட்ட பிறகு அவருக்கு அந்தத் தொழிற்சாலை வேலையும் போய்விட்டது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த முகத்தை வெறும் நடிப்பாக என்னால் பார்க்க முடிவதில்லை.

இந்தப் படத்தை 1950-ல் லண்டனில் பார்த்துவிட்டுத்தான் வங்க இயக்குநர் சத்யஜித் ராய், தன் மனதில் இருந்த கதையை இதுபோலத் தொழில்முறை நடிகர்களை நம்பாமல், நிஜமான இடங்களில் எடுத்துவிடலாம் என்ற முடிவுக்கு வந்தார். அதுதான் 'பதேர் பாஞ்சாலி'. 1952-ல் படப்பிடிப்பு தொடங்கி 1955-ல்தான் வெளிவந்தது. காசு தீரும், நிற்கும், காசு வரும், தொடங்கும். மனைவியின் நகைகள் அடகுக்குப் போயின. அத்தனை இடைவெளி விழுந்தும் அப்புவாக நடித்த பையனின் குரல் உடையவில்லை, துர்காவாக நடித்த பெண் வளர்ந்துவிடவில்லை, எண்பது வயதை ஒட்டியிருந்த கிழவி சுனிபாலா தேவி இறந்துவிடவில்லை, இந்த மூன்றும் அதிசயம் என்று ராய் பின்னாளில் சொன்னார்.

அந்தப் படம் என்றாலே எல்லோரும் நாணல் பூத்த வெளியையும் ரயிலையும் சொல்வார்கள். எனக்கும் பிடிக்கும். ஆனால் என்னோடு தங்கியது ஹரிஹர் வீடு திரும்பும் காட்சி. பிழைப்புத் தேடி வெளியூர் போன அப்பா பல மாதம் கழித்து வருகிறார். மழையிலும் புயலிலும் வீடு சிதைந்து கிடக்கிறது. மகள் துர்கா காய்ச்சலில் இறந்துவிட்டாள். அவருக்கு அது தெரியாது. உற்சாகமாகப் பையைத் திறந்து வாங்கிவந்தவற்றை ஒவ்வொன்றாக எடுக்கிறார். இது வீட்டுக்கு, இது சாமி படம். மனைவி சர்பஜயா அசையாமல் இருக்கிறாள். கடைசியாக ஒரு புடவையை எடுத்து, இது துர்காவுக்கு என்கிறார். அவள் அதை வாங்கி முகத்தில் அழுத்திக்கொண்டு உடைகிறாள்.

அந்த இடத்தில் அவள் அழும் குரல் நமக்குக் கேட்காது. தார் ஷெனாய் ஒலிக்கும். பெயரில் ஷெனாய் இருந்தாலும் அது ஊதும் வாத்தியம் இல்லை, வில்லால் இழுக்கும் தந்தி வாத்தியம். அந்த நாதம் உச்சத்துக்குப் போகும்போது ஹரிஹருக்கு மெல்லப் புரிய ஆரம்பிக்கும். நான் பார்த்துக்கொண்டிருப்பது அம்மாவின் முகத்தை இல்லை, அவருடைய முகத்தை. புடவையை வாங்கும்போது கடையில் நின்று நிறம் பார்த்துத் தேர்ந்தெடுத்திருப்பார் இல்லையா? அந்த நேரத்தில் அவள் உயிரோடு இருந்தாளா? படத்தில் இந்தக் கேள்வி இல்லை. எனக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் வந்துவிடுகிறது.

ஈரானிய இயக்குநர் மஜீத் மஜீதியின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' (1997) இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. தங்கையின் காலணியைத் தொலைத்துவிட்ட அலி, மூன்றாம் பரிசாகக் காலணி கிடைக்கும் என்று ஓட்டப்பந்தயத்தில் ஓடுகிறான். முதலாவதாக வந்து அழுகிறான். கொப்புளம் வெடித்த காலை வீட்டுத் தொட்டித் தண்ணீரில் விட்டு உட்கார்ந்திருக்கும்போது தங்க நிற மீன்கள் வந்து சுற்றுகின்றன. அதற்குச் சற்று முன்னால் ஒரு சின்னக் காட்சி வரும். அப்பாவின் சைக்கிளில் சாமான்களோடு சாமானாக இரண்டு ஜோடிப் புதுக் காலணிகள் இருக்கும். அவர் வந்துகொண்டிருக்கிறார். பிள்ளைகளுக்குத் தெரியாது. கண் சிமிட்டினால் தவறிவிடும். என் நண்பர்கள் இரண்டு பேர் தவறவிட்டுவிட்டு, சோகமான முடிவு என்று என்னிடம் சண்டைக்கே வந்தார்கள்!

'மகாநதி' (1994) பற்றி அதிகம் எழுத மனமில்லை. தொலைந்துபோன மகளைக் கல்கத்தாவில் தேடிக் கண்டுபிடிக்கும் அப்பா. தூக்கத்தில் அந்தப் பெண் உளறும் வார்த்தைகளும், அதைக் கேட்கும் கமல்ஹாசனின் முகமும். ஒரே தடவைதான் பார்த்தேன். இன்னொரு முறை பார்க்க என்னால் ஆகாது. ஆனாலும் பட்டியலில் இருந்து எடுக்க முடியவில்லை.

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'இகிரு' (1952) பனியில் ஊஞ்சலாடும் கிழவருக்காகப் புகழ்பெற்றது. முப்பது வருடம் ஒரே நாற்காலியில் முத்திரை குத்திக் காலம் கழித்த அதிகாரி வாதனபே, வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தபின் குழந்தைகளுக்கு ஒரு விளையாட்டுப் பூங்கா அமைத்துத் தரப் பாடுபடுகிறார். படம் முடிய இன்னும் நிறைய இருக்கும்போதே அவர் இறந்துவிடுவார். மீதிப் படம், இரங்கல் கூட்டத்தில் மற்றவர்கள் அவரைப் பற்றி விவாதிப்பதுதான். கதாநாயகனை நடுவில் எடுத்துவிட்டு அவரை இன்னும் பெரிதாக்கிக் காட்டிய துணிச்சல் அது.

ஆனால் ஊஞ்சலைவிட மாடிப்படிதான் எனக்கு. நோய் தெரிந்த இரவு. அதைச் சொல்ல அவருக்கு இருப்பது ஒரே மகன். மனைவி இறந்தபின் அவனுக்காகவே வாழ்ந்தவர். மாடியிலிருந்து மகன் கூப்பிடுகிறான். கிழவர் ஆவலோடு படியேறி ஓடுகிறார். பாதிப் படியில் இருக்கும்போது மகன் சொல்வது, கதவைப் பூட்டிவிடுங்கள் என்பது மட்டும். அவர் அந்தப் படியிலேயே நின்று தலை குனிந்துகொள்கிறார். மகன் கெட்டவன் இல்லை. அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான். இதைப் பார்த்த பிறகு வீட்டுக்குப் போன் பேசி முடிக்கும்போது, 'சரி, வைக்கட்டுமா' என்று சொல்வதற்கு முன் ஒரு நொடி நிறுத்த ஆரம்பித்தேன். அப்பா எதையாவது சொல்ல வந்தால் அந்த ஒரு நொடியில்தான் சொல்வார். பல நாள் ஒன்றும் இருக்காது. சில நாள் இருந்திருக்கிறது.

கடைசியாக 'வீடு'. பாலு மகேந்திராவே ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் செய்து 1988-ல் வெளிவந்த படம். பாட்டே கிடையாது. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பிலிருந்து சில பகுதிகள்தான் பின்னணியில் வரும். வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலையில் சுதா என்ற வேலைக்குப் போகும் பெண் ஒரு வீடு கட்டத் தொடங்குகிறாள். கடன், ஒப்பந்தக்காரரின் சிமெண்ட் திருட்டு, ஒன்று முடிந்தால் இன்னொன்று. சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. கல்லூரி நாட்களில் முதல்முறை பார்த்தபோது எனக்குப் பொறுமை இல்லை. ஒரு வீடு கட்டுவதை எவ்வளவு நேரம் பார்ப்பது என்று நினைத்தேன்.

அதில் சொக்கலிங்க பாகவதர் தாத்தாவாக வருவார். பழைய நாடக மேடை நடிகர். பேத்தி கட்டும் வீட்டைப் பார்க்க ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் குடையை எடுத்துக்கொண்டு தனியாகப் புறப்படுவார். பாதி எழும்பிய சுவர்கள். பூசாத செங்கல். உள்ளே ஒவ்வோர் இடமாகப் போய் நின்று பார்ப்பார். சுவரைக் கையால் தடவுவார். முகத்தில் ஒரு சிரிப்பு, பல் போன வாயில் பிறந்த குழந்தையின் சிரிப்பு மாதிரி. பேச்சு கிடையாது. பிறகு, அந்த வீட்டில் ஒரு நாள்கூட வாழாமலே இறந்துபோவார்.

நான் வீடு கட்டும்போது அப்பாவுக்கு வயது எழுபத்தி இரண்டு. முழங்கால் வலி. முடிந்த பிறகு கூட்டிப்போகிறேன் என்று நானே சொல்லிவைத்திருந்தேன். ஒருநாள் மாலை கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் போனேன். காவலுக்கு இருந்தவர், 'பெரியவர் வந்துட்டுப் போனாரு சார், ஒரு மணி நேரம் இருந்தாரு' என்றார். என்ன செய்தார் என்று கேட்டேன். 'ஒண்ணும் பண்ணல. சும்மா சுத்திப் பார்த்தாரு. சன்னல் வைக்க விட்ட இடத்துல ரொம்ப நேரம் நின்னாரு.' வீட்டுக்கு வந்து அப்பாவைப் பார்த்தேன். செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவர் சட்டையின் வலது கை ஓரத்தில் சாம்பல் நிறத்தில் சிமெண்ட் தூசி. நான் எதுவும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அன்று இரவே 'வீடு' படத்தைத் தேடி எடுத்துத் தனியாகப் பார்த்தேன். முதல்முறை பார்த்தபோது நீளமாகத் தெரிந்த அந்தக் காட்சி இந்த முறை சீக்கிரம் முடிந்துவிட்டதுபோல் இருந்தது.

வீடு முடிந்து குடிவந்து ஆறேழு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அப்பாவோடு உட்கார்ந்து மறுபடியும் பார்த்தேன். அவர் சாதாரணமாகப் படம் பார்க்கும்போது நிறையப் பேசுவார். இது யார், அந்தப் படத்தில் வந்தவரா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அன்று பேசவில்லை. தாத்தா குடையோடு வரும் காட்சி வந்தது. சுவரைத் தொட்டார். சிரித்தார். காட்சி முடிந்து கதை நகர்ந்துவிட்டது.

'அந்த இடத்தை இன்னொரு தடவை போடு' என்றார் அப்பா.

போட்டேன். அன்றைக்கு அந்த இடத்தை மட்டும் மூன்று தடவை பார்த்தோம்.