ஈமெயில் பெட்டி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பெட்டியைப் பற்றியவை. ஃபார்மில் ஈமெயில் கேட்கும் அந்த ஒற்றை இன்புட்டைப் பார்வையற்றவர்களும் கை நடுங்குபவர்களும் சிரமமில்லாமல் நிரப்ப என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

எங்கள் டிசைனர் லேபிள் வேண்டாம் என்கிறார். பிளேஸ்ஹோல்டரில் 'உங்கள் மின்னஞ்சல்' என்று போட்டால் போதாதா? (கோவையிலிருந்து ஒரு டெவலப்பர்)

போதாது. பிளேஸ்ஹோல்டர், அதாவது காலிப் பெட்டிக்குள் தெரியும் மாதிரி எழுத்து, முதல் எழுத்தைத் தட்டியதும் மறைந்துவிடும். பாதியில் ஃபோன் வந்து பேசிவிட்டுத் திரும்புகிறவருக்கு அந்தப் பெட்டி எதற்கென்று தெரியாது. போதாக்குறைக்கு டிசைனர்கள் அதை வெளிறிய சாம்பலில்தான் வைப்பார்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5-க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்பது பிளேஸ்ஹோல்டருக்கும் பொருந்தும். பெட்டிக்கு மேலே கண்ணுக்குத் தெரியும்படி லேபிள் வையுங்கள். கோடில், லேபிளின் 'ஃபார்' மதிப்பும் இன்புட்டின் ஐடியும் ஒன்றாக இருக்கட்டும். இதைச் செய்தாலே, திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் ஸ்க்ரீன் ரீடர் மென்பொருள் பெட்டியின் பெயரை வாசிக்கும், லேபிளைத் தொட்டாலும் பெட்டிக்குள் கர்சர் வந்து நிற்கும். விரல் குறி தவறுகிறவர்களுக்கு இந்த இரண்டாவது விஷயம் பெரிய உதவி.

லேபிளும் இருக்கிறது, கூடுதல் பாதுகாப்புக்கு ஏரியா-லேபிளும் போட்டிருக்கிறேன். சரிதானே?

தவறு. ஏரியா என்பவை ஸ்க்ரீன் ரீடர் போன்ற கருவிகளுக்காகக் கோடில் சேர்க்கும் குறிப்புகள். அவற்றில் பெயரைச் சொல்லும் ஏரியா-லேபிள் வந்தால், கண்ணுக்குத் தெரியும் லேபிளை ஸ்க்ரீன் ரீடர் கண்டுகொள்ளாது. நீங்கள் அனுப்பிய கோடில் திரையில் 'மின்னஞ்சல் முகவரி' என்று தமிழில் இருக்கிறது, ஏரியா-லேபிளிலோ 'என்டர் ஈமெயில்' என்று ஆங்கிலம். குரலால் கணினியை இயக்குகிறவர் திரையில் பார்க்கிற பெயரைத்தான் சொல்வார். அந்தப் பெயரில் எதுவும் இல்லை என்று கணினி சும்மா இருக்கும். எடுத்துவிடுங்கள். பிரவுசர் இலவசமாகச் செய்து தருகிற வேலையைக் கெடுத்துவிட்டு, அப்புறம் ஏரியாவால் ஒட்டுப் போடும் பழக்கம் நம்மிடம் அதிகம்.

இன்புட்டின் டைப் மதிப்பை 'ஈமெயில்' என்று போட்டால் என்ன லாபம்? சரிபார்ப்பதெல்லாம் என் ஜாவாஸ்கிரிப்ட்தான்.

ஃபோனில் அட் குறி கண்ணெதிரே உள்ள கீபோர்டு வரும். முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கும் தொல்லை இருக்காது. முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்ட இடைவெளியை பிரவுசரே நீக்கிவிடும். ஃபோன் கீபோர்டு பரிந்துரைத்த சொல்லைத் தேர்ந்தெடுத்தால் கடைசியில் ஓர் இடைவெளியும் சேர்ந்து வரும். சாதாரண டெக்ஸ்ட் இன்புட்டில் அது உங்கள் ரெஜெக்ஸில், அதாவது முகவரியின் வடிவத்தைச் சரிபார்க்கும் கோடில் மாட்டி, 'தவறான முகவரி' என்று திட்டு வாங்கித் தரும். எழுத்துப் பெருக்கியில் பார்ப்பவருக்கு ஒரு இடைவெளி எங்கே கண்ணில் படப்போகிறது?

பிரவுசர் தானாக நிரப்பித் தரும் ஆட்டோகம்ப்ளீட்டை செக்யூரிட்டி டீம் ஆஃப் செய்யச் சொல்கிறது.

ஈமெயில் முகவரி ரகசியம் அல்ல என்று அவர்களிடம் சொல்லுங்கள். ஆட்டோகம்ப்ளீட்டுக்கு 'ஈமெயில்' என்றே மதிப்புக் கொடுங்கள். இணைய அணுகலுக்கான வழிகாட்டி டபிள்யூசிஏஜி. 2018-இல் வந்த அதன் 2.1 பதிப்பில் 1.3.5 என்ற விதி கேட்பதும் இதுதான், இரட்டை ஏ என்ற நடு நிலையில். இருபது எழுத்தை ஒவ்வொன்றாகத் தேடி அழுத்துகிறவருக்கு ஒரே தட்டில் முகவரி விழுந்துவிடும்.

என் ஃபார்ம் ஸ்க்ரீன் ரீடரில் வேலை செய்யவில்லை. என்ன காரணம்?

எந்த ஸ்க்ரீன் ரீடர், எந்த பிரவுசர், எது வேலை செய்யவில்லை என்ற மூன்றில் ஒன்றைக்கூட எழுதவில்லை. கோடும் இல்லை, ஒரு ஸ்க்ரீன்ஷாட் மட்டும் இருக்கிறது. ஸ்க்ரீன் ரீடர் பிரச்சினைக்கு ஸ்க்ரீன்ஷாட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? முதலில் மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, டேப் விசையை மட்டும் வைத்து உங்கள் ஃபார்மை நிரப்பிப் பாருங்கள். அப்புறம் எழுதுங்கள்.

தவறான முகவரி என்றால் பெட்டியின் ஓரம் சிவப்பாகிறது. வேறு ஏதாவது வேண்டுமா? (சென்னை, பெயர் வேண்டாம்)

வேண்டும். நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. பெட்டியின் அருகிலேயே எழுத்தில் சொல்லுங்கள். 'தவறு' என்று மட்டும் போட்டால் அதுவும் உதவாது. 'முகவரியில் அட் குறி இல்லை' என்று எது குறைகிறதோ அதைச் சொல்லுங்கள். அந்த வாக்கியத்துக்கு ஓர் ஐடி கொடுத்து, இன்புட்டின் ஏரியா-டிஸ்க்ரைப்டுபையில் அதைக் குறிப்பிட்டு, ஏரியா-இன்வாலிட் மதிப்பை 'ட்ரூ' ஆக்குங்கள். ஏரியா-எரர்மெசேஜ் என்று ஒன்றும் உண்டு, ஆனால் எல்லா ஸ்க்ரீன் ரீடரும் அதைச் சரியாக வாசிப்பதில்லை. பழைய ஏரியா-டிஸ்க்ரைப்டுபையே நம்பகமானது.

இன்னொன்று. கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று 'ரிக்வயர்டு' போட்ட காலிப் பெட்டியைச் சில பிரவுசர்கள் பக்கம் திறந்த உடனேயே தவறானது என்று கணக்கில் வைத்துக்கொள்ளும். ஒரு எழுத்துகூடத் தட்டாதவரிடம் என்விடிஏ என்ற ஸ்க்ரீன் ரீடர் 'இன்வாலிட் என்ட்ரி' என்று சொல்லும். ஆரம்பத்தில் ஏரியா-இன்வாலிடை 'ஃபால்ஸ்' என்று வைத்துவிட்டால் இந்த அநியாயம் நின்றுவிடும்.

பயனர் தட்டத் தட்டவே பிழையைக் காட்டலாமா? உடனுக்குடன் தெரிந்தால் நல்லதுதானே?

ஒருவர் தன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் 'தப்பு, தப்பு' என்று குறுக்கே கத்துவது போன்றது அது. மூன்றாவது எழுத்தில் எந்த ஈமெயிலும் சரியாக இருக்காது. அந்தச் செய்தியை, மாறியதும் தானாக வாசிக்கப்படும் லைவ் ரீஜனிலும் போட்டிருந்தால் ஸ்க்ரீன் ரீடர் ஒவ்வொரு எழுத்துக்கும் அலறும், தட்டிய எழுத்து காதில் விழாது. பெட்டியை விட்டு வெளியே வந்த பிறகோ, சப்மிட் அழுத்திய பிறகோ சொல்லுங்கள். சப்மிட்டில் பிழை இருந்தால் கர்சரை முதல் பிழைப் பெட்டிக்குக் கொண்டுபோய் விடுங்கள்.

முகவரி தப்பாகிவிடாமல் இருக்க 'மீண்டும் ஈமெயிலை உள்ளிடுக' என்று இரண்டாவது பெட்டி வைத்து, அதில் பேஸ்ட்டையும் தடுத்திருக்கிறோம். இதை எப்படி அணுக எளிதாக்குவது?

நீக்குவதன் மூலம்.

கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த இரண்டாவது பெட்டியோடு எனக்குப் பழைய பகை. வாயால் சொல்லி எழுதுகிறவரை நினைத்துப் பாருங்கள். முகவரியின் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாகச் சொல்லி, தவறாகப் பதிந்ததை அழித்து, ஒருவழியாக முதல் பெட்டியை முடிக்கிறார். இப்போது அதையே முழுதாக இன்னொரு முறை செய்யச் சொல்கிறீர்கள். ஒற்றை ஸ்விட்சால் திரைக் கீபோர்டை இயக்குகிறவருக்கு ஒரு முகவரி என்பது பல நிமிட வேலை. டிஸ்லெக்சியா உள்ளவருக்கு இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதே தனி உழைப்பு. இவர்கள் எல்லோருக்கும் பேஸ்ட் என்பது ஊன்றுகோல். அதைத்தான் நீங்கள் பிடுங்குகிறீர்கள்.

சரி, இத்தனை கொடுமைக்கும் பலனாவது இருக்கிறதா என்றால், அதுவும் சந்தேகம். பேஸ்ட்டைத் தடுக்காவிட்டால் பெரும்பாலோர் முதல் பெட்டியில் இருப்பதை, தவறோடு சேர்த்து, நகலெடுத்து ஒட்டுவார்கள். தடுத்தால், தன் முகவரியைத் தவறாக நினைவில் வைத்திருப்பவர் அதே தவறை இரண்டு முறையும் தட்டுவார். இரண்டும் ஒத்துப்போகும், மெயில் மட்டும் போய்ச் சேராது. நம் ஊரில் இன்னொன்றும் நடக்கிறது. பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போடும்போது, அவசரத்தில் கடைக்காரர் தன் முகவரியையே போட்டுவிடுவார். இரண்டு பெட்டியிலும் பிழையே இல்லாத அதே முகவரி இருக்கும், ஹால் டிக்கெட் மட்டும் கடைக்காரரின் இன்பாக்ஸுக்குப் போகும். உங்கள் இரண்டாவது பெட்டி இதில் எதைத் தடுத்தது?

செய்ய வேண்டியவை வேறு. சப்மிட்டுக்கு முன், நிரப்பியதை எல்லாம் ஒரே திரையில் காட்டி, பக்கத்தில் 'மாற்று' என்று ஒரு பொத்தான் வையுங்கள். பெரிய எழுத்தில் முகவரியைப் பார்க்கும்போதோ காதால் கேட்கும்போதோதான் பிழை புலப்படும். சப்மிட்டுக்குப் பின், 'இந்த முகவரிக்கு ஒரு லிங்க் அனுப்பியிருக்கிறோம்' என்று முகவரியோடு சொல்லுங்கள். தவறு என்றால் முழு ஃபார்மையும் மறுபடி நிரப்ப வைக்காமல் அங்கேயே திருத்த விடுங்கள். ஜிமெயில் என்பதில் எழுத்து இடம் மாறியிருந்தால் 'இதையா சொல்ல வந்தீர்கள்?' என்று கேட்கலாம், நீங்களாகத் திருத்தக் கூடாது. பேஸ்ட் செய்ய விடுங்கள் என்று பிரிட்டன் அரசின் டிசைன் சிஸ்டம் தன் ஈமெயில் பகுதியில் வெளிப்படையாகவே சொல்கிறது. லாகினில் பாஸ்வேர்டையோ, மெயிலில் வந்த ஓடிபியையோ ஒட்ட விடாமல் வேறு வழியும் தராமல் வைத்திருந்தால், அது 2023-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.2-இன் 3.3.8 விதியிலேயே மாட்டும்.

முதலாளி கேட்கிறார், கிளையண்ட் கேட்கிறார் என்று தயவுசெய்து எழுதாதீர்கள். இந்தப் பதிலை அவர்களுக்கு அனுப்புங்கள்.

ஈமெயிலுக்கு நல்ல ரெஜெக்ஸ் ஒன்று தர முடியுமா?

முடியாது. நீங்கள் அனுப்பிய நீளமான ரெஜெக்ஸ், கூட்டல் குறி உள்ள முகவரியை மறுக்கிறது, ஒற்றை மேற்கோள் குறி உள்ள பெயரை மறுக்கிறது, புள்ளிக்குப் பின் நான்கு எழுத்துக்கு மேல் வந்தால் மறுக்கிறது. மூன்றுமே செல்லும் முகவரிகள். அட் குறிக்கு முன் 64 எழுத்து, மொத்தம் சுமார் 250 என்பதுதான் எல்லை. ஈமெயிலின் மூல இலக்கணம் நடைமுறைக்கு ஒத்துவராது என்று எச்டிஎம்எல் தரமே அதை வேண்டுமென்றே மீறி, எளிய விதி ஒன்றை வைத்திருக்கிறது. அதை பிரவுசரிடம் விட்டுவிடுங்கள். முகவரி உண்மையா என்பதை மெயில் அனுப்பித்தான் அறிய முடியும்.

தமிழ் எழுத்தில் உள்ள ஈமெயில் முகவரியை ஏற்க வேண்டும். டைப் ஈமெயில் மறுக்கிறதே? (யாழ்ப்பாணம்)

நல்ல கேள்வி. அட் குறிக்குப் பின் 'டாட் இலங்கை', 'டாட் இந்தியா' என்று தமிழில் வந்தால் குரோம் சமாளித்துக்கொள்ளும். முன்பாதி தமிழில் இருந்தால் டைப் ஈமெயில் ஏற்காது. அப்படி முகவரி வைத்திருப்பவர்கள் உங்கள் பயனர்கள் என்றால் டைப் டெக்ஸ்ட் போட்டு, இன்புட்மோடை 'ஈமெயில்' ஆக்குங்கள். கீபோர்டு வந்துவிடும். இடைவெளியை நீக்குவது இனி உங்கள் பொறுப்பு. அப்புறம் உங்கள் மெயில் சர்வரும் இத்தகைய முகவரிகளுக்காக 2012-இல் வந்த ஆர்எஃப்சி 6531 என்ற தரத்தைப் பின்பற்றுகிறதா என்று பாருங்கள்.

பக்கம் முழுக்கத் தமிழ். பிழைச் செய்தி மட்டும் ஆங்கிலத்தில் குமிழாக வருகிறது.

அந்தக் குமிழ் பிரவுசரின் மொழியில்தான் வரும், பக்கத்தின் மொழியில் வராது. சில நொடிகளில் மறைந்தும் போகும். ஃபார்முக்கு, அந்தக் குமிழை நிறுத்தும் 'நோவாலிடேட்' கொடுத்து, மேலே சொன்னபடி உங்கள் சொந்தச் செய்தியைக் காட்டுங்கள். எச்டிஎம்எல் டேகில் லேங்க் மதிப்பை, தமிழைக் குறிக்கும் 'டிஏ' என்று வைத்தீர்களா? இல்லையென்றால் ஸ்க்ரீன் ரீடர் உங்கள் தமிழை ஆங்கிலக் குரலில் படிக்க முயன்று உளறும்.

ஐஃபோனில் பெட்டியைத் தொட்டதும் பக்கமே பெரிதாகிவிடுகிறது. ஜூமை முடக்கிவிடலாமா?

கூடாது. பார்வை குறைந்தவர்களுக்கு ஜூம் வேண்டும். இன்புட்டின் எழுத்தளவை 16 பிக்சல் ஆக்குங்கள், தானாக நின்றுவிடும்.

சோதிக்க எந்த ஸ்க்ரீன் ரீடர் வாங்குவது?

விண்டோஸில் என்விடிஏ, ஆண்ட்ராய்டில் டாக்பேக். இரண்டும் இலவசம். அதற்கு முன் டேப் விசை, மறக்க வேண்டாம்.

இதையெல்லாம் செய்யச் சட்டம் கட்டாயப்படுத்துகிறதா?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது, ஐஎஸ் 17802 என்ற இந்தியத் தரம் இருக்கிறது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் சொல்லியும்விட்டது. ஒரு லேபிள் வைக்க இத்தனையும் தேவைப்படுகிறதா உங்களுக்கு?

ஈமெயில் சரியாக இருந்தால்தான் சப்மிட் பொத்தான் வேலை செய்யும்படி வைத்திருக்கிறேன். அதுவரை டிசேபிள்டு. நல்ல யோசனைதானே?

இல்லை. டிசேபிள்டு பொத்தானுக்கு டேப் விசை போகாது. ஸ்க்ரீன் ரீடரில் டேப் தட்டி வருகிறவர் பொத்தான் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் பக்கத்தின் அடிவரை போய்விடுவார். எது குறைகிறது என்று சொல்லவும் உங்களுக்கு வாய்ப்பில்லாமல் போகிறது. பொத்தானை எப்போதும் இயங்க விடுங்கள். அழுத்தியதும் பிழையைச் சொல்லி, கர்சரை அந்தப் பெட்டியில் நிறுத்துங்கள்.