மாருதி ஸ்விஃப்ட், ஹூண்டாய் கிராண்ட் ஐ10 நியோஸ், டாடா டியாகோ கார்கள்: பெயின்ட், தோற்றம், உழைப்பில் எது தேவலை?

தோற்றம் அவரவர் ரசனை. 2024 ஸ்விஃப்டில் பின்கதவுக் கைப்பிடி மறுபடி கதவுக்கே வந்துவிட்டது. முந்தைய மாடலில் பின்ஜன்னலை ஒட்டிய தூணில் ஒளிந்திருக்கும், குழந்தைகளுக்கு எட்டாது.

பெயின்ட்டை பிராண்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். டெலிவரிக்கு முன் டியூப்லைட் கீழே நிறுத்தி, கதவில் விழும் ஒளிக்கோட்டைப் பாருங்கள். கோடு ஆரஞ்சுத் தோல் மாதிரி நெளிந்தால் தெளிப்பு சீராக இல்லை. பெயின்ட் தடிமன் அளக்கும் கருவியில் கம்பெனி பெயின்ட் பொதுவாக 80-150 மைக்ரான் காட்டும்; ஒரு பேனல் மட்டும் 200-ஐத் தாண்டினால் மறுபெயின்ட், 500 என்றால் உள்ளே பட்டி (நசுங்கலை நிரப்பும் பூச்சு). பம்பர் பிளாஸ்டிக் என்பதால் மெட்டாலிக் நிறங்களில் சாயல் லேசாக மாறும், அது குறையல்ல. கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகள் மண்ணால் அடைத்தால் துரு அங்கிருந்துதான் கிளம்பும். வருடம் இருமுறை குச்சியால் குத்திவிடுங்கள்.

எஞ்சினில் நியோஸ் நான்கு சிலிண்டர், அதனால் ஐடிலிங்கில் (வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது) அமைதி. டியாகோவும் புது ஸ்விஃப்டும் மூன்று சிலிண்டர். சிக்னலில் நிற்கும்போது லேசான நடுக்கம் இருக்கும், பழுது அல்ல. ஏஎம்டி (கிளட்ச், கியரைத் தானே இயக்கும் கியர்பாக்ஸ்) வாங்குவோர் மேட்டில் ஆக்சிலரேட்டரை மிதித்தே வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள், கிளட்ச் கருகிவிடும். நெரிசலில் ஓட்டுபவருக்கு என் ஓட்டு நியோஸுக்கு.