மைத்துனர் வீட்டு நீச்சல் குளம்

கேள்வி: நல்ல வேலை, ஐந்தறை வீடு, கார் எல்லாம் இருக்கின்றன. ஞாயிறு ஆராதனை தவறுவதில்லை. ஆனாலும் மைத்துனர் பொங்கோலில் காண்டோ (தனியார் அடுக்குமாடி வீடு) வாங்கியதிலிருந்து மனதில் சந்தோஷம் இல்லை, தூக்கமும் சரியில்லை. போதகர் 'உள்ளதில் திருப்தியாயிருங்கள்' என்கிறார். நம் சிங்கப்பூர்த் தேசிய உறுதிமொழியிலேயே மகிழ்ச்சி, வளம், முன்னேற்றம் என்று வருகிறதே? கிறிஸ்தவன் மட்டும் முன்னேறக் கூடாதா?
(ஒரு வாசகர், யீஷூன்)

பதில்: இடம் கருதி உங்கள் கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன். முழுக் கடிதத்தில் மைத்துனர் வீட்டின் மாடி, நீச்சல் குளம், பார்பிக்யூ மேடை எல்லாம் விலாவாரியாக இருந்தன. உங்கள் வீட்டுக்கு ஒரே வரி. மனைவி, பிள்ளைகள் தலைகாட்டவே இல்லை.

உறுதிமொழியை வம்புக்கு இழுக்காதீர்கள். 1966இல் அப்போதைய வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம் எழுதிய வரைவிலிருந்து உருவானது அது. அதில் மகிழ்ச்சியை அடைய வேண்டியது நாடு. அதற்கு அடிப்படையாகச் சொல்லப்படுவது சமத்துவமும் நீதியும். மைத்துனரை முந்துவது அந்தக் கணக்கில் வராது.

கார் வாங்கிய சந்தோஷம் எத்தனை நாள் நின்றது? கார் வைத்திருக்க வாங்கும் உரிமைச் சான்றிதழான சிஓஇக்காவது பத்தாண்டு ஆயுள் உண்டு. வேதாகமத்தில் பிரசங்கி இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். வீடுகள், தோட்டங்கள், குளங்கள் என்று காண்டோ விளம்பரம் போலவே போகும். கட்டியவரே கடைசியில் எல்லாம் மாயை, மனதுக்குச் சஞ்சலம் என்கிறார்.

இப்போது அப்போஸ்தலன் பவுலுக்கு வருவோம். பிலிப்பியருக்கு எழுதும்போது அவர் காவலில் இருக்கிறார். "நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" என்கிறார். அடுத்த வசனத்திலேயே பட்டினியையும் குறைவையும் சொல்லிவிட்டு, அப்புறம்தான் கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்யப் பெலனுண்டு என்று முடிக்கிறார். இந்தக் கடைசி வசனத்தை மட்டும் வெட்டியெடுத்து, பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) நேரத்தில் பிள்ளைகளின் மேசையில் ஒட்டிவிடுகிறோம். பவுல் கேட்ட பெலன் பட்டினியையும் தாங்க; நாம் கேட்பது மதிப்பெண்ணுக்கு!

அதற்காக அவர் சாமியார் இல்லை. கூடாரம் செய்து உழைத்தவர். பிலிப்பியர் அனுப்பி எப்பாப்பிரோதீத்து கொண்டுவந்த உதவியை நன்றியோடு வாங்கிக்கொண்டவர். ஆகவே தாராளமாக முன்னேறுங்கள். பதவி உயர்வு வந்தால் மறுக்காதீர்கள். கிறிஸ்துவை அறிவதற்கு முன்னால் மற்றதெல்லாம் நஷ்டம் என்று அதே நிருபத்தின் முந்தின அதிகாரத்திலேயே பவுல் கணக்கை முடித்துவிட்டார். அதனால் காவலில் போட்டும் அவரிடமிருந்து பறிக்க எதுவும் இல்லை. நீங்களோ கிறிஸ்துவையே சந்தோஷம் வாங்கித் தரும் ஏஜெண்டாக வைத்திருக்கிறீர்கள்.

ஒரு வாரம் மைத்துனர் வீட்டுக்காக ஸ்தோத்திரம் சொல்லி ஜெபித்துப் பாருங்கள். முதல் நாள் வார்த்தை தொண்டையிலேயே நிற்கும். நிற்கட்டும், அடுத்த நாளும் சொல்லுங்கள்.

ஆனால் இந்தத் திருப்திப் பாடத்தைச் சம்பள பாக்கிக்காக அலையும் தொழிலாளியிடம் போய் நடத்திவிடாதீர்கள். அங்கே வாசிக்க வேண்டியது கூலியைப் பிடித்துவைப்பவர்களைக் கண்டிக்கும் யாக்கோபு 5:4, அதுவும் முதலாளியிடம்.

தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் பலதுறை மருந்தகத்துக்குப் போய் டாக்டரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது. பவுலோடு கூட இருந்த லூக்காவும் வைத்தியர்தான்.