பாலைவனத்தில் இருக்கும் கலைப்படைப்புகளை நேரில் போய்த்தான் பார்க்க வேண்டுமா, படம் போதாதா?

இவை ஓர் இடத்துக்கென்றே செய்து, அங்கேயே நிறுவப்பட்டவை. வெயில், நிழல், தொடுவானம் எல்லாம் படைப்பின் பாகங்கள். சூரியக் கடிகாரத்தை வீட்டுக்குள் தூக்கி வந்தால் அது வெறும் கல்தானே? அதே கதைதான்.

அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் நான்சி ஹோல்ட் 1973-76இல் அமைத்த 'சன் டனல்ஸ்' படைப்பை எடுத்துக்கொள்வோம். நான்கு கான்கிரீட் குழாய்கள். ஒவ்வொன்றும் சுமார் 18 அடி நீளம். உள்ளே நிமிர்ந்தே நடக்கலாம். ஆண்டின் மிக நீண்ட பகலையும் மிகக் குறுகிய பகலையும் ஒட்டிய நாட்களில், உதிக்கும் சூரியனும் மறையும் சூரியனும் குழாய்க்கு நேராக வந்து நிற்கும். குழாய்களின் மேற்புறத்தில் விண்மீன் கூட்டங்களின் வடிவில் துளைகள். உச்சி வெயிலில் உள்ளே நின்றால் காலடியில் ஒளிவட்டங்கள் விழும். சூரியன் நகர நகர அவையும் ஊர்ந்து போகும். இது எந்தப் படத்தில் வரும்?

சரி, போவதென்றால் தண்ணீரையும் பெட்ரோலையும் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் கடை கிடையாது, செல்போன் சிக்னலை நம்ப முடியாது.

அப்புறம், நியூ மெக்சிகோவில் வால்டர் டி மரியா 1977இல் 400 எஃகுக் கம்பங்களை நட்டு அமைத்த 'லைட்னிங் ஃபீல்ட்'. முன்பதிவு செய்து, ஓர் இரவு தங்கித்தான் பார்க்க முடியும். பெயரை வைத்து, மின்னல் வெட்டாவிட்டால் பயணமே வீண் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மின்னல் அந்தக் கம்பங்களில் இறங்குவது அபூர்வம், நண்பகலில் கண்ணுக்கே தட்டுப்படாத கம்பங்கள் காலை, மாலை வெயிலில் பளபளப்பதுதான் முக்கியக் காட்சி.