கேள்வி–பதில்: கணினி தொடங்கும்போது ஓடும் எண்கள்

கேள்வி: கணினியை இயக்கினால் திரை கறுப்பாகவே இருக்கிறது. மதர்போர்டின் ஓரத்திலுள்ள சிறிய எண்காட்டியில் எண்களும் எழுத்துகளும் மாறி மாறி ஓடி, கடைசியில் 55 என்று நின்றுவிடுகின்றன. புதிய ராம் (நினைவகம்) வாங்க வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு வாங்க வேண்டாம். கணினி மின்சாரம் பெற்றதும் தன் உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சோதித்து இயக்குகிறது. திரையை இயக்கும் கட்டம் அவ்வரிசையில் பிந்தியே வருவதால், அதற்கு முன் நேரும் பழுதைத் திரையில் எழுதிக் காட்ட வழியில்லை. ஆகவே, கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸ், தான் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை ஒரு பைட் அளவுள்ள எண்ணாக வெளியே அனுப்பிக்கொண்டே செல்கிறது. 1984-இல் வெளிவந்த ஐபிஎம் பிசி ஏடி கணினியிலேயே, ஹெக்ஸாடெசிமல் முறையில் (0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும் பதினாறு இலக்கங்கள் கொண்ட எண்முறை) 80 என்று எண்ணிடப்பட்ட போர்ட், அதாவது தரவு வெளியே செல்லும் வழி, இதற்குப் பயன்பட்டது. அம்முறையில் 00 முதல் எஃப்எஃப் வரை 256 குறியீடுகள் அமையும். எண்களோடு எழுத்துகளும் கலந்து வருவது அதனால்தான்.

ஏஎம்ஐ நிறுவனத்தின் ஆப்டியோ பயாஸில் 55 என்பதற்கு, நினைவகம் பொருத்தப்படவில்லை என்று பொருள். பிற பயாஸ்களில் பொருள் மாறக்கூடும் என்பதால், போர்டின் கையேட்டிலுள்ள அட்டவணையை முதலில் பாருங்கள். குறியீடு, வேலை எங்கே நின்றது என்பதைச் சொல்லுமே தவிர, பழுதான பொருளைச் சுட்டிக்காட்டாது. நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதி இன்று பிராசஸருக்குள்ளேயே இருப்பதால், பிராசஸர் சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருந்தாலும் இதே எண் வரலாம். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஒரே ஒரு ராமை மட்டும் கையேடு கூறும் ஸ்லாட்டில் அழுத்திப் பொருத்திப் பாருங்கள். பிறகு ராமையும் ஸ்லாட்டையும் மாற்றிச் சோதியுங்கள்.

விண்டோஸ் ஒழுங்காகத் திறந்த பிறகும் எண்காட்டியில் ஏஏ என்று நிற்பதைக் கண்டு சிலர் கலங்குகிறார்கள். ஆப்டியோவில் அது பிழையன்று. கட்டுப்பாடு இயங்குதளத்திடம் சென்றுவிட்டதற்கான அடையாளமே.

கேள்வி: என் கணினியில் எண்காட்டி இல்லை. நிறுவனச் சின்னம் மட்டும் தோன்றி, அப்படியே நின்றுவிடுகிறது.

பதில்: சின்னம் தோன்றும் அளவுக்குத் திரை இயங்குகிறது என்பதே நல்ல செய்தி. பயாஸ் அமைப்புக்குள் நுழைய முடிந்தால், முழுத்திரைச் சின்னத்தைக் காட்டும் வசதியை நிறுத்திவிடுங்கள். அது மறைத்துவைத்திருந்த செய்திகள் தெரியவரும். லினக்ஸ் பயன்படுத்துபவராயின், கணினி தொடங்கும்போது இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்க வரும் கிரப் பட்டியலில் ‘இ’ (e) விசையை அழுத்தி, கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) வரியிலுள்ள ‘குவையட்’ (quiet), ‘ஸ்பிளாஷ்’ (splash) ஆகிய இரு சொற்களையும் நீக்கித் தொடங்கினால், எந்தச் சேவையில் தடை ஏற்படுகிறது என்பதை வரிவரியாகக் காணலாம். தொடக்கத்தின்போது திரையில் சுழலும் வட்டம் இத்தகைய தகவல் எதையும் தருவதில்லை.