பவளமா, களையா?

கேள்வி: என் 200 லிட்டர் பவளத் தொட்டியில், கல்லிடுக்கில் பழுப்பாக ஏதோ பூத்திருந்தது. கிள்ளி எறிந்தேன், இப்போது ஐந்தாகிவிட்டது. புதுப் பவளமா?
— வாசகர், சிங்கப்பூர்

பதில்: பவளமல்ல, எய்ப்டேசியா என்ற கடல் சாமந்தி. குச்சியால் லேசாகத் தொடுங்கள்: கண்ணாடி போன்ற பழுப்புத் தண்டு, கூரிய நீண்ட கொம்புகளோடு சட்டென்று ஓட்டைக்குள் மறையும். ஜோவாந்தஸ் என்ற பொத்தான் போன்ற பவள இன உயிரும் தொட்டால் மூடிக்கொள்ளும், ஆனால் அதன் கொம்புகள் குட்டை, மொட்டு வெளியே தெரியும்.

கிள்ளியதுதான் வினை. கல்லில் ஒட்டிய பாதத்தின் துணுக்குகூட முழு உயிராக வளரும்.

இதை ஒழிக்க, கால்சியம் ஹைட்ராக்சைடு பொடியை ஆர்ஓ தண்ணீரில் பற்பசையைவிடச் சற்று இளக்கமாகக் குழையுங்கள். தோலை அரிக்கும் காரம் அது. கையுறையும் கண்ணுக்குக் கவசமும் கட்டாயம். பம்புகளை நிறுத்தி, மழுங்கிய ஊசி மாட்டிய சிரிஞ்சால், எய்ப்டேசியா சுருங்குமுன் அதன் வாயின் மேல் பசையை மெல்ல விட்டு மூடுங்கள். 15 நிமிடம் கழித்துப் பம்பை ஓட்டலாம். ஒரு நாளில் மூன்று நான்குக்கு மேல் வேண்டாம், தொட்டி நீரின் பிஎச் (காரத்தன்மை) ஏறிவிடும். பக்கத்துப் பவளத்தில் வழிந்தால் அதுவும் கருகும்.

பெப்பர்மின்ட் இறால் சிறியவற்றைத் தின்னும். முதுகில் கூனும் வெள்ளைக் கோடுகளும் தெரிந்தால் வாங்காதீர்கள். அது ஒட்டக இறால், மென்பவளத்தையே மேயும்.

கல்லை எடுத்துக் கொதிக்க மட்டும் வைக்காதீர்கள். ஜோவாந்தஸ் ஒட்டியிருந்தால் பாலிடாக்சின் ஆவியோடு மூச்சில் ஏறும். உயிருக்கே ஆபத்தான நஞ்சு.