‘கம்ப்யூட்டர்தான் வரைஞ்சது’ என்றால் விட்டுவிடுவதா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பல ஏ.ஐ. பற்றித்தான். எல்லாவற்றுக்கும் பதில் எழுத இடமில்லை, நாலை எடுத்திருக்கிறேன்.

கேள்வி: பேனா மையில் சித்திரைத் திருவிழாப் படங்கள் வரைந்து ஆறு வருஷமாக இன்ஸ்டாகிராமில் போடுகிறேன். இந்த வருஷம் ஒரு கடை விற்ற பனியன்களில் என் பாணியிலேயே ஏ.ஐ. வரைந்த கள்ளழகர். அதில் ஒரு படம் அப்படியே என்னுடையது, குதிரைக் கழுத்து, கீழே தோப்பறையில் (தோல் பையில்) தண்ணீர் பீய்ச்சும் ஆள் உட்பட. கேட்டால் “நாங்க காப்பியடிக்கல, கம்ப்யூட்டர்தான் வரைஞ்சது” என்கிறார்கள். நான் எதையும் பதிவு செய்து வைக்கவில்லை. என்ன செய்யலாம்?
(ஒரு வாசகர், செல்லூர்)

பதில்: தம்பி, கஷ்டமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பாணிக்குப் பதிப்புரிமை கிடையாது. நீங்கள் கோடு போடும் விதத்தை இன்னொருவர் பார்த்துப் பழகி வரைந்தால் சட்டம் தடுக்காது, மெஷின் செய்தாலும் இன்றைய நிலையில் அப்படித்தான். அழகர் ஆற்றில் இறங்குவதும் ஊருக்கே பொது. ஆனால் அந்தக் காட்சியை எந்தக் கோணத்தில் பிடித்தீர்கள், குதிரைக் கழுத்தை எப்படி வளைத்தீர்கள், தோப்பறைக்காரரை எங்கே நிறுத்தினீர்கள் என்பதெல்லாம் உங்களுடையது. 1978-ல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் அளவுகோல் சொன்னது: இரண்டையும் பார்க்கிறவருக்கு, இது அதைப் பார்த்து எடுத்ததுதான் என்று சந்தேகமில்லாமல் தோன்றினால் அது நகல். என்னைக் கேட்டால், நடுவில் வேலை பார்த்தது கையா மெஷினா என்பது அதை மாற்றாது. அதனால் பாணி மட்டும் ஒத்துப்போகிற மற்ற பனியன்களை விடுங்கள், அந்த ஒரு படத்தைப் பிடியுங்கள்.

பதிவு செய்யாததால் உரிமை போய்விடவில்லை. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வரைந்தபோதே அது வந்துவிட்டது, உங்கள் ஆயுளுக்கும் அதற்குப் பிறகு 60 வருடத்துக்கும் இருக்கும். பதிவு ஒரு நல்ல சாட்சி, அவ்வளவுதான். ஓவியத்துக்கு 500 ரூபாய் கட்டணம், முக்கியமான படங்களுக்காவது செய்துவிடுங்கள். அசல் தாள், பென்சில் வரைவு, ஸ்கேன் ஃபைல், படம் போட்ட தேதி எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள், அந்தப் பனியன் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி பில்லையும் பத்திரப்படுத்துங்கள். அப்புறம் வக்கீல் நோட்டீஸ். ஆன்லைனிலும் விற்கிறார்கள் என்றால் அந்தத் தளத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 36 மணி நேரத்துக்குள் அவர்கள் நடவடிக்கை எடுக்க வேண்டும். ஆனால் 21 நாளுக்குள் நீங்கள் நீதிமன்ற ஆணை கொண்டுபோகாவிட்டால் படம் திரும்ப ஏறிவிடலாம், இதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வழக்குக்காகச் சென்னைக்கோ டெல்லிக்கோ அலைய வேண்டாம், வழக்குப் போடுகிறவர் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம் என்று பிரிவு 62 சொல்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், எனக்கு ஆத்திரம் வருகிற இடம் அதுதான். என் அப்பா டவுன்ஹால் ரோடு பக்கம் சினிமா பேனர் வரைந்தவர். ஃப்ளெக்ஸ் வந்ததும் அவருக்கு வேலை போயிற்று, வீட்டில் எல்லாருக்கும் அது வலித்தது, ஆனால் ஃப்ளெக்ஸ் மெஷின் அவர் வரைந்த படங்களைத் தின்று வளரவில்லை. இந்த மெஷின் உங்களைப் போன்றவர்கள் போட்ட படங்களைப் பார்த்துத்தான் வரையவே கற்றுக்கொண்டது, யாரிடமும் கேட்கவில்லை, யாருக்கும் கூலி கொடுக்கவில்லை. அது தவறா என்று நம் சட்டம் நேராகச் சொல்லவில்லை. ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் ஓப்பன்ஏஐ மேல் 2024 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் போட்ட வழக்கு இந்தக் கேள்வியைத்தான் எழுப்புகிறது. 2025 டிசம்பரில் மத்திய அரசுக் குழு ஒன்று ஒரு யோசனையை வெளியிட்டது: ஏ.ஐ. நிறுவனங்கள் சட்டப்படி கிடைக்கிற எல்லாப் படைப்புகளையும் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம், படைத்தவர் மறுக்க முடியாது, பதிலுக்கு ராயல்டி கட்ட வேண்டும், அதை ஒரு மைய அமைப்பு வாங்கிப் பிரித்துக் கொடுக்கும். காசு வரும் என்றால் நல்லதுதான். ஆனால் “என் படம் வேண்டாம்” என்று சொல்ல வழியில்லாத ஏற்பாட்டை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டெல்லியில் பிரிக்கிற பணம் விளாச்சேரியில் மண்பொம்மை செய்கிற குடும்பத்துக்கு எந்த வழியாக வந்து சேரும் என்பதையும் யாராவது காட்டட்டும்.

கேள்வி: படத்தில் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றைச் சேர்த்துவிட்டால் ஏ.ஐ. அதைக் காப்பியடிக்க முடியாதாமே?
(கல்லூரி மாணவி, திருநகர்)

பதில்: கிளேஸ், நைட்ஷேட் என்ற இரண்டு மென்பொருள்களைச் சொல்கிறீர்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் உருவாக்கி இலவசமாகக் கொடுக்கிறார்கள். இனிமேல் போடப்போகும் படங்களுக்குப் பயன்படுத்திப் பாருங்கள், ஏற்கெனவே எடுத்துப்போனதை அது திருப்பித் தராது. முழுக்காவல் என்றும் நம்பிவிட வேண்டாம்.

கேள்வி: தெம்மாங்கும் ஒப்பாரியும் பாடுகிறேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஸ்டூடியோவில் பாடிக் கொடுத்து, ஒரு தாளில் கையெழுத்தும் போட்டேன். இப்போது நான் பாடாத பாட்டு என் குரலில் யூடியூபில் ஓடுகிறது. மகன்தான் காட்டினான், எனக்கே பயமாகிவிட்டது.
(நாட்டுப்புறப் பாடகி, உசிலம்பட்டி அருகே)

பதில்: அக்கா, அந்தத் தாளின் நகலைத் தேடி எடுங்கள். எத்தனை வருடத்துக்கு என்று அதில் எழுதவில்லை என்றால் 5 வருடம்தான் என்று அதே பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 19 சொல்கிறது, அப்படியானால் அது எப்போதோ முடிந்துவிட்டது. பிரிவு 18 இன்னும் முக்கியம். கையெழுத்துப் போட்ட காலத்தில் புழக்கத்தில் இல்லாத ஒரு பயன்பாட்டுக்கு, அதைக் குறிப்பிட்டு எழுதியிருந்தால் ஒழிய, அந்த ஒப்பந்தம் செல்லாது. இந்த இரண்டும் பாடுகிறவர்களுக்கும் பொருந்தும்.

குரலுக்கென்று தனிப் பதிப்புரிமை இல்லை. நீங்கள் பாடிய பதிவின் மேல் நிகழ்த்துநர் உரிமை 50 வருடம் இருக்கிறது, பாடாததைப் பாடியதாகக் காட்டினால் அங்கே ஆளுமை உரிமை வருகிறது, அதாவது ஒருவரின் பெயர், முகம், குரலை அவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது என்கிற உரிமை. பாடகர் அரிஜித் சிங்கின் குரலை ஏ.ஐ.யில் நகலெடுப்பதற்கு 2024 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. அவர் பிரபலமானவர் என்பதை வைத்தே அந்த உத்தரவு பேசுகிறது, அதனால் உங்கள் குரல் இந்தச் சீமையில் தெரிந்த குரல் என்று நீங்கள் காட்ட வேண்டியிருக்கும். திருவிழா நோட்டீஸில் உங்கள் பெயர் இருந்தால் ஒன்றைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள்.

2024-ல் ‘லால் சலாம்’ படப் பாட்டுக்காக ஏ.ஆர். ரஹ்மான் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவர் குரலையும் ஏ.ஐ. மூலம் கொண்டுவந்தபோது, குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கிப் பணமும் கொடுத்ததாகச் சொன்னார். இறந்தவர் குரலுக்கே கேட்டுச் செய்ய முடிகிறபோது, உயிரோடு இருக்கிற உங்களிடம் கேட்க ஒரு போன் போதுமே அக்கா. அதைக்கூடச் செய்யவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. இனி எந்தத் தாள் வந்தாலும் “இனி வரும் எல்லாத் தொழில்நுட்பங்களிலும்” என்ற வரி இருக்கிறதா என்று மகனை வாசிக்கச் சொல்லுங்கள். இருந்தால் அடித்துவிட்டுத்தான் கையெழுத்து.

கேள்வி: ஒரு மண்டபச் சுவரில் கல்யாண ஊர்வலம் வரைந்து கொடுத்தேன், கூலியும் வாங்கிவிட்டேன். இப்போது அதைப் போட்டோ எடுத்து, ஏ.ஐ.யில் முகங்களை மாற்றி, என் பெயரை அழித்து விளம்பரம் செய்கிறார்கள். காசு வாங்கிய பிறகு பேச உரிமை உண்டா?
(ஓவியர், திருமங்கலம்)

பதில்: உண்டு அண்ணே. வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, காசு கொடுத்து வரையச் சொன்னவருக்கே பதிப்புரிமை போகும், அதில் சந்தேகமில்லை. ஆனால் வரைந்தவர் என்று உங்கள் பெயரைச் சொல்லும் உரிமையும், உங்கள் மதிப்புக்குக் கேடு வரும்படி படத்தைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமையும் பிரிவு 57-ன் கீழ் உங்களிடமே நிற்கும். டெல்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் செய்த சுவர்ச் சிற்பத்தை அரசு பெயர்த்துச் சேதப்படுத்திய வழக்கில், 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம் சிற்பத்தை அவரிடமே திருப்பிக் கொடுக்கச் சொல்லி 5 லட்சம் இழப்பீடும் விதித்தது. எதிரில் இருந்தது மத்திய அரசு! சுவர் இன்னும் அப்படியே இருக்கும்போதே போய் உங்கள் கையெழுத்துத் தெரியும்படி நாலு போட்டோ எடுத்துவிடுங்கள், வெள்ளையடிக்கப் போகிறார்கள் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள்.